ஊன்றிய கால்

எங்கள் வீட்டில் ‘மறைப்பு’ என்றால் ஒரு பழைய சுங்குடிச் சேலை. ஜார்ஜ் டவுனில் சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்து, அதில் ஒரு கடைவீடு, அதன் மாடியில் பின்பக்க அறை. அந்த ஓர் அறையில் இரண்டு குடும்பங்கள். நாங்கள் ஆறு பேர், அவர்கள் ஐந்து பேர். நடுவில் கயிறு, கயிற்றில் சேலை. சுவரில் மூன்று ஆணிகள் இருந்தன. எதிர்ச்சுவரிலும் நேருக்கு நேராக மூன்று. அவர்களுக்குப் பிள்ளை பிறந்தபோது அம்மா கயிற்றை எங்கள் பக்கம் ஓர் ஆணி தள்ளிக் கட்டினாள். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு வந்து படுத்தால் கால் சேலையில் இடிக்கும். “பாதி தூரமாவது தள்ளிக் கட்டக் கூடாதா?” என்பார். “ஆணி இருக்கற எடத்துலதான் கயிறு நிக்கும்” என்பாள் அம்மா. சுண்ணாம்புச் சுவர் அது. புதிதாக ஓர் ஆணி அடித்தால் உள்ளங்கை அகலம் காரை பெயர்ந்து விழும். அப்புறம் வீட்டுக்காரச் சீனர் படியேறி வருவார்.

ஐம்பது வருஷம் கழித்து, ஒரு கோவிலுக்கு ஐபி முகவரிகளைப் பங்கு போடும் வேலை என் தலையில் விழுந்தபோது, முதலில் நினைவுக்கு வந்தவை அந்த மூன்று ஆணிகள்தாம்.

நான் 1986-இல், பதினெட்டு வயதில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு ஆபரேட்டராகப் போனவள். 1972-இல் அந்தப் பேட்டை திறந்ததிலிருந்து பினாங்குத் தமிழ்ப் பெண்கள் எத்தனையோ பேர் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறிப் போன அதே பாதைதான். நுண்ணோக்கியில் கண்ணை வைத்துத் தங்கக் கம்பி ஒட்டினேன். ராத்திரி வகுப்பில் படித்து டெக்னீஷியன் ஆனேன். பிறகு நெட்வொர்க் பிரிவுக்குப் போய் அங்கேயே ஓய்வு பெற்றேன். ஓய்வு பெற்றவளுக்குக் கோவிலில் சம்பளமில்லாத வேலைக்குப் பஞ்சமே கிடையாது. கோவிலின் பெயர் வேண்டாம். நடந்த தவறு என்னுடையது.

முன்பு அங்கே இருந்தது ஒரே வலை. அதைப் போட்டுக் கொடுத்ததும் நான்தான். 192.168.1.0, /24. தெரியாதவர்களுக்கு: ஒரு ஐபி முகவரி என்பது 32 இலக்கங்கள், ஒவ்வொன்றும் சுழியோ ஒன்றோ. முதல் 24 இலக்கங்கள் வலையின் பெயர், மிச்சம் எட்டு இலக்கங்கள் ஆளின் பெயர் என்று வைத்துக்கொண்டால் அது /24. எட்டு இலக்கத்தில் 256 எண்கள் எழுதலாம். அவற்றில் இரண்டு யாருக்கும் கிடையாது. மிச்சம் 254. ஒன்று ரவுட்டருக்கு. அலுவலகக் கணினிகள், இருபது சிசிடிவி கேமராக்கள், அர்ச்சனைச் சீட்டு மெஷின்கள், பக்தர்களின் கைப்பேசிகள் எல்லாவற்றுக்கும் அதிலிருந்துதான் எண். சாதாரண நாளில் எழுபது எண்பதுக்கு மேல் போகாது. தாராளம் என்று நினைத்திருந்தேன்.

தைப்பூசத்துக்கு முந்தைய நாள், பினாங்கு வீதியிலிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டுத் தண்ணீர்மலைக்குப் போகும் நாள். பசியாற வந்தவர்கள், தண்ணீர்ப்பந்தலுக்கு வந்தவர்கள், தேங்காய் உடைக்க வந்தவர்கள் என்று காலையிலேயே கூட்டம். பத்து மணிக்கு வலை நிரம்பிவிட்டது. உள்ளே அத்தனை பேர் இருந்தார்களா என்றால் இல்லை. ஒரு முகவரியை வாங்கியவர் 24 மணி நேரம் வைத்துக்கொள்ளலாம் என்று குத்தகைக் காலம் போட்டிருந்தேன். சாமி கும்பிட்டுவிட்டு எட்டரைக்கே பட்டர்வொர்த் பெர்ரி ஏறிப் போனவரின் எண்ணும் அடுத்த நாள் காலை வரைக்கும் அவருக்கே. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டு இறங்கிப் போய்விட்ட மாதிரி. வண்டி முழுக்கத் துண்டுகள், உட்கார ஆளில்லை, நிற்கிறவர்களுக்கு இடமில்லை. கூட்டத்துக்காக அன்று புதிதாக வைத்த சீட்டு மெஷின் முகவரி கேட்டுக் கேட்டு ஓய்ந்து, 169.254 என்று தொடங்கும் எண்ணைத் தனக்குத் தானே வைத்துக்கொண்டது. கேட்டு யாரும் கொடுக்காதபோது மெஷின்கள் வைத்துக்கொள்ளும் அனாதை எண் அது. கார்பன் தாள் வைத்துக் கையால் சீட்டு எழுதினோம். சமையல் அண்ணன் எட்டிப் பார்த்து, “என்னா தங்கச்சி, பந்தி எலை தீந்துபோச்சா?” என்றார். சரியாகத்தான் சொன்னார்.

அடுத்த வாரம் நிர்வாகக் கூட்டம். இளைஞர் பிரிவுத் தம்பி ஒருவர் எழுந்தார். “சாமி முன்னாடி எல்லாரும் ஒண்ணுதானேக்கா? எதுக்குப் பிரிக்கணும், எதுக்கு எண்ணணும்? /16-ன்னு ஒண்ணு இருக்காமே. அறுபத்தஞ்சாயிரம் பேருக்கு ஒரே வலையாப் போட்ருங்க, முடிஞ்சிச்சு லா.” பொருளாளருக்கு எதிர்த்திசை. கணக்கு மெஷின் மூன்று என்றால் மூன்று எண். கேமரா இருபது என்றால் இருபது எண். ஒன்றுகூட அதிகம் வேண்டாம், ஒருவர் அறையை மற்றவர் பார்க்கவும் வேண்டாம்.

இரண்டு பேரும் தொழில்நுட்பம் பேசுவதாக நினைத்துக்கொண்டு சமயம் பேசினார்கள். ‘நம்மவர்’ என்ற வட்டம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? கோடு போடுவதே பிழையா? போடலாம் என்றால் எந்த ஆணியில் கயிறு கட்டுவது?

ஞாயிற்றுக்கிழமை சித்தாந்த வகுப்பில் ஐயாவிடம் கேட்டேன். எண்பதைத் தாண்டியவர். கம்ப்யூட்டர் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனால் நான் ‘மாஸ்க்’ என்று சொன்னதும் “அப்படின்னா என்னம்மா அர்த்தம்?” என்று கேட்டார். மறைப்பு என்றேன். நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

சப்நெட் மாஸ்க் செய்வது உண்மையிலேயே மறைப்புதான். 255.255.255.0 என்று எழுதினால் முதல் 24 இலக்கத்துக்கு நேராக ஒன்றுகள், கடைசி எட்டுக்கு நேராகச் சுழிகள். ஒரு மெஷின் இன்னொன்றோடு பேச நினைக்கும்போது முதலில் ஒரு கணக்குப் போடுகிறது. தன் முகவரியின் மேல் மறைப்பைப் போட்டுப் பார்க்கிறது. சுழி இருக்கும் இடமெல்லாம் அழிந்துபோகிறது. அதாவது தன் தனிப்பெயர் மறைந்து குடும்பப்பெயர் மட்டும் மிஞ்சுகிறது. அடுத்தவர் முகவரியின் மேலும் அதே மறைப்பைப் போடுகிறது. மிஞ்சிய இரண்டும் ஒன்றாக இருந்தால் ‘இவர் நம் வீடு’ என்று நேரே கூப்பிடுகிறது. வேறாக இருந்தால் ‘வெளியூர்’ என்று வாசலுக்கு, அதாவது கேட்வேக்கு, அனுப்பிவிடுகிறது. முகவரியைப் பார்த்தால் எந்த இடத்தில் வலை முடிந்து ஆள் தொடங்குகிறது என்று தெரியாது. ‘கா’ என்ற எழுத்தில் மெய் எங்கே முடிந்து உயிர் எங்கே தொடங்குகிறது என்று காட்ட முடியாத மாதிரி. தையல் தெரியாத துணி. மறைப்பு வந்துதான் பிரித்துக் காட்டுகிறது.

ஐயா எழுந்து போய் நடராசர் படத்துக்கு முன்னால் நின்றார். மனவாசகங்கடந்தாரின் உண்மை விளக்கம் எங்களுக்கு அப்போது பாடம். ஐந்தொழிலையும் கூத்தனின் திருமேனியிலேயே காட்டும் நூல். துடியில் படைப்பு, அமைத்த கையில் காப்பு, தீயில் அழிப்பு, தூக்கிய திருவடியில் அருள். “மறைத்தல் எங்கே?” என்று கேட்டார். ஊன்றிய திருவடியில் என்றோம். “அதைத்தான் பாக்கச் சொல்றேன். தூக்கின காலைத்தான் எல்லாரும் கும்பிடறோம். பாரம் முழுக்க எந்தக் கால்ல நிக்குது?”

நாற்பது வருஷமாகப் பார்த்த படம். பாரம் மறைக்கும் காலில் நிற்கிறது என்பது அன்றுதான் என் கண்ணில் பட்டது.

சைவ சித்தாந்தத்தில் மறைத்தல், அதாவது திரோதானம், தண்டனை இல்லை. உயிர் பக்குவப்படும் வரைக்கும் முழுவதையும் காட்டாமல் உலகத்தில் ஈடுபடுத்தி வைக்கும் செயல். அதுவும் அவன் சத்தியே, அதுவும் அருளே என்பார்கள். எனக்கு இது எப்போதும் கொஞ்சம் சந்தேகமாகவே இருந்தது. இல்லாதவனிடம் ‘உனக்குக் கிடைக்காததும் நன்மைக்கே’ என்று சொல்லும் பேச்சின் வாடை அதில் அடிக்கும். ஏகான்மவாதிகள் சொல்லும் குடத்து ஆகாயம் பரவாயில்லை என்று தோன்றும். கௌடபாதர் மாண்டூக்கிய காரிகையில் சொல்வது: குடத்துக்குள் இருக்கும் வெளியும் வெளியே இருக்கும் வெளியும் ஒன்றே, குடம் உடைந்தால் ஒன்றாகிவிடும் என்று. தம்பி கேட்ட /16 அந்தக் கட்சி. அழகான கட்சிதான். இன்னும் நீட்டினால் /0 வரைக்கும் போகலாம். மறைப்பில் எல்லாமே சுழி. உலகத்தில் இருக்கும் 429 கோடிச் சொச்சம் முகவரிகளும் நம் வீடு.

அப்படி ஒரு மெஷினை நான் செய்தே பார்த்திருக்கிறேன், வேண்டுமென்று இல்லை. வலையை ஐந்தாகப் பிரித்து முடித்த ராத்திரி, தூக்கக் கலக்கத்தில் ஒரு சீட்டு மெஷினுக்கு 255.255.255 என்று தொடங்க வேண்டிய மறைப்பை 255.255.0.0 என்று அடித்துவிட்டேன். மறுநாள் அது பக்கத்து மெஷினோடு பேசியது. இணையத்துக்கும் போனது. கணக்குச் சர்வர் மட்டும் கிடைக்கவில்லை. அந்தச் சர்வர் 192.168.20-இல், சீட்டு மெஷின் 192.168.30-இல். அகலமான மறைப்பைப் போட்டுக்கொண்ட மெஷினுக்கு இரண்டும் ஒரே வீடு. அதனால் வாசலுக்குப் போகாமல் நடுக்கூடத்தில் நின்று “20.10 யாருப்பா?” என்று கூவிக்கொண்டே இருந்தது. அந்தச் சர்வர் சுவருக்கு அந்தப் பக்கம். கூவல் அங்கே போகாது. நாலு மணி நேரம் கேபிளை மாற்றி, சுவிட்சை மாற்றி, கடைசியில்தான் அந்தச் சுழி கண்ணில் பட்டது. அமெரிக்காவோடு பேச முடிகிறது. காரணம், அமெரிக்கா அந்நியம் என்று அதற்குத் தெரியும். அடுத்த அறையோடு பேச முடியவில்லை. காரணம், அடுத்த அறையைத் தன் அறை என்று நினைத்துக்கொண்டது.

மறைப்பு அளவுக்கு மிஞ்சிக் குறுகியிருந்தால் இப்படி ஆகாது. பக்கத்து ஆளையே வெளியூர்க்காரர் என்று நினைத்து வாசலுக்கு அனுப்பும். வாசல்காரர் திருப்பி அதே கூடத்துக்கு அனுப்புவார். சுற்று வழி, ஆனாலும் சேதி பெரும்பாலும் போய்ச் சேரும். அகலம் மிஞ்சினால்தான் மௌனம். ‘எல்லாரும் நம்மவர்’ என்று சொல்லிக்கொண்டு கூடத்தில் நின்று கூவுகிற மனிதர்கள் எனக்குச் சிலர் தெரியும். கூட்டங்களில் நன்றாகப் பேசுவார்கள். அடுத்த தெரு சாவு வீட்டுக்குப் போக வழி தெரியாது.

தம்பியிடம் இதைச் சொல்லவில்லை. அறுபத்தைந்தாயிரத்தை ஒரே கூடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று மட்டும் சொன்னேன். ஒருவர் “யாருப்பா?” என்றால் அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க வேண்டும். வைஃபையில் இன்னும் மோசம். எல்லோருக்குமான கூவலை அது மிக மெதுவான வேகத்தில் சொல்லும், கடைசி மூலையில் நிற்கும் கைப்பேசிக்கும் கேட்க வேண்டுமே. கூவல் கூடக் கூடப் பேச்சுக்கு நேரம் இருக்காது. ஒரு கைப்பேசியில் வைரஸ் இருந்தால் உண்டியல் கணக்கு வரைக்கும் நடந்து போகும்.

சரி, பொருளாளர் கட்சி? அதில்தான் எனக்கு ராத்திரித் தூக்கம் போனது. தேவைக்கு நறுக்கிக் கொடு என்பது நியாயமாகத்தான் கேட்கிறது. ஆனால் இங்கேயும் ஆணி இருக்கும் இடத்தில்தான் கயிறு. வலைகளின் அளவு இரட்டித்து இரட்டித்துத்தான் போகும்: 4, 8, 16, 32, 64, 128, 256. இருபது கேமராவுக்கு இருபது எண் கொண்ட வீடு கிடையாது. /28 என்றால் 16, அதில் ஆளுக்குக் கிடைப்பது 14, போதாது. /27 என்றால் 32, கிடைப்பது 30, பத்து மிச்சம்.

எல்லா வலையிலும் யாருக்கும் கொடுக்க முடியாத அந்த இரண்டு எண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் எண் அந்த வலைக்கே பெயர். கடைசி எண் எல்லோரையும் ஒரே சமயம் கூப்பிடுவதற்கு. எங்கள் வீட்டுப் பந்தியில் முதல் இலை சாமிக்குப் படைத்துவிட்டுத்தான் மற்ற இலை. அந்த மாதிரி முதல் எண். கடைசி எண்ணுக்கு எங்கள் ஊர்க் கடைவீடுகளின் அஞ்சடியைச் சொல்லலாம். கடைக்காரர் மனைதான், கூரையும் அவருடையதுதான், ஆனால் அந்த ஐந்தடி அகலத்தை மழையில் ஒதுங்குகிறவருக்கும் நடந்து போகிறவருக்கும் விட்டுத்தான் ஆக வேண்டும். வேடிக்கை எங்கே என்றால், இந்த வரி எல்லோருக்கும் ஒரே தொகை. 256 உள்ள வலை இரண்டு கொடுத்தால் நூற்றில் ஒன்றுகூடப் போகவில்லை. நாலே எண் உள்ள /30 இரண்டு கொடுத்தால் சொத்தில் பாதி போயிற்று. கோட்டைப் போடப் போட, கோட்டுக்கே தீனி அதிகமாகிறது. பொருளாளர் சொன்னபடி முப்பது துண்டாக நறுக்கியிருந்தால் அறுபது எண்கள் சுவருக்கே போயிருக்கும். ஒவ்வொரு துண்டிலும் வாசலுக்கு ஒன்று வேறு.

(இதில் எனக்குப் பிடித்த ஒரு விதிவிலக்கு உண்டு. 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் வந்த ஒரு விதியின்படி, இரண்டு ரவுட்டர்கள் மட்டுமே எதிரெதிரே இருக்கும் இணைப்புக்கு /31 கொடுக்கலாம். இரண்டே எண், இரண்டும் ஆளுக்கு. வீட்டுக்குப் பெயரும் வேண்டாம், கூவி அழைக்கும் எண்ணும் வேண்டாம். இரண்டே பேர் இருக்கும் இடத்தில் ‘எல்லோரும் வாங்க’ என்று கூப்பிட என்ன இருக்கிறது? என் கணவர் இருந்தபோது இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.)

கடைசியில் நான் போட்டது இதுதான். சீட்டு மெஷின்களுக்கும் கணக்கு மெஷின்களுக்கும் ஆளுக்கொரு /28. அலுவலகத்துக்கு /27. கேமராவுக்கு /27. பக்தர்களின் கைப்பேசிகளுக்கு மட்டும் தனியாக 172.16.0.0, /22. 1,024 எண்கள், ஆளுக்குக் கிடைப்பது 1,022. குத்தகை 24 மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம். இந்தக் குத்தகை மாற்றம்தான் பாதி வைத்தியம். /22-ஐ வைத்துக்கொண்டு குத்தகையை மாற்றாமல் விட்டிருந்தால் பத்து மணிக்கு வந்த வினை பிற்பகலில் வந்திருக்கும், அவ்வளவுதான். இடம் போதவில்லை என்று அழுகிறபோதெல்லாம் இடத்தைத்தான் பெரிதாக்கப் பார்க்கிறோம். போனவர்கள் விடாமல் பிடித்திருப்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

கேமராவுக்கு 192.168.40.0-இலிருந்து 31 வரை கொடுத்தேன். 32-இலிருந்து 63 வரைக்கும் காலியாக விட்டேன். தாளில் ‘காலி’ என்று எழுதியதைச் செயலாளர் பார்த்துவிட்டார். “இது யாருக்குக்கா?” யாருக்குமில்லை. கேமரா கூடினால் /27-ஐ /26 ஆக்க வேண்டும். பக்கத்து 32-ஐ வேறு யாருக்காவது இப்போதே கொடுத்துவிட்டால் பிறகு யாரையாவது கிளப்ப வேண்டிவரும். இடிக்காமல் வளர வேண்டும் என்றால் சரியான பக்கத்து மனை காலியாக இருக்க வேண்டும். எந்தப் பக்கம் இருந்தாலும் சரி என்பதும் இல்லை: 32-இல் தொடங்கும் /27, 64-இல் தொடங்கும் அடுத்ததோடு சேராது. 0-இல் தொடங்குவதோடுதான் சேரும். யார் யாரோடு சேரலாம் என்பது பிறக்கும்போதே எழுதியாயிற்று. இதை ஐயாவிடம் சொன்னால் ஊழ் என்று ஆரம்பித்துவிடுவார் என்று சொல்லவில்லை.

ஆனால் ஒன்றை அவரிடம் கேட்காமல் இருக்க முடியவில்லை. மறைத்தல் அருள் என்றால், எந்த மறைத்தலும் அருளா? எங்கள் அப்பாவின் தகப்பனார் கப்பலேறியது 1939-க்கு முன்னால். மதுரை மீனாட்சி கோவிலுக்குள் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டவர்களை அழைத்துக்கொண்டு நுழைந்த 1939 ஜூலை 8 வரைக்கும், தாத்தாவைப் போன்றவர்களுக்கு அந்தக் கோபுரம் வெளியே நின்று பார்க்கிற பொருள். அங்கேயும் ஒரு கோடு இருந்தது. ‘ஒழுங்குக்காக’ என்றுதான் அங்கேயும் சொன்னார்கள். இப்போது கோவிலுக்கு உட்கார்ந்து வலை பிரிக்கிறவள் அவருடைய பேத்தி. கோடு போடுகிற கை என்னுடையது என்பதால் மட்டும் கோடு நல்லதாகிவிடுமா?

ஐயா உடனே பதில் சொல்லவில்லை. தே ஆறிப்போனது. பிறகு, “உன் மெஷினுக்கு வெளிய போற வாசல் எங்கம்மா இருக்கும்?” என்று கேட்டார்.

என் தொழிலின் அரிச்சுவடி அது. கேட்வேயின் முகவரி அந்தந்த வலைக்குள்ளேயே இருக்க வேண்டும். 192.168.40-இல் இருக்கும் கேமராவுக்கு 192.168.40.1-தான் வாசலாக முடியும். ‘வாசல் 192.168.20.1-இல் இருக்கிறது’ என்று எழுதிக் கொடுத்தால் அதற்கு அந்த வாசலுக்குப் போகவே வழியில்லை. வாசலுக்குப் போக இன்னொரு வாசல் வேண்டியிருக்கும். அடுத்த வீட்டில் இருக்கும் வாசல் வாசலே இல்லை. இதை ஆயிரம் தடவை சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

“ஒளிக்கறவனே உள்ளயும் இருந்தாத்தான் திரோதானம்” என்றார் ஐயா. “ஒளிச்சுட்டு வெளிய நின்னுக்கிட்டு கதவப் பூட்டறவன் செய்யறதுக்கு நூல்ல பேரு கெடயாது. போலீஸ்ல இருக்கும்.”

தாத்தாவுக்குப் போட்ட கோட்டில் அவர் பக்கம் வாசல் இல்லை. அம்மா கட்டிய சேலையில் இரண்டு பக்கமும் தூக்கிவிட்டு வரலாம். பிள்ளை ராத்திரி அழுதால் அந்த வீட்டு அக்கா சேலையை விலக்கி, “பாலிருக்கா?” என்பாள். அப்போது எனக்கு ஏழு வயது. அது சப்நெட் என்று தெரியாது. சேலை இல்லாவிட்டால் பதினொரு பேரும் ஒரு வருஷத்தில் வெட்டிக்கொண்டிருப்பார்கள் என்பது மட்டும் தெரியும்.

அளவைப் பற்றிப் பேசும்போது, முதலில் வந்தவர் எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்ற கேள்வியும் கூடவே வருகிறது. இந்தத் தீவே அதற்குச் சாட்சி. 1786 ஆகஸ்டில் பிரான்சிஸ் லைட் இங்கே கொடி ஏற்றியபோது முனை முழுக்கக் காடு. காட்டை வெட்டுகிறவருக்கு வெட்டிய நிலம் என்றார். வெட்டுகிறவர்களுக்கு உற்சாகம் வருவதற்காகப் பீரங்கியில் வெள்ளிக் காசைப் போட்டுக் காட்டுக்குள் சுட்டார் என்று ஒரு கதையும் சொல்வார்கள். முந்தி வந்தவருக்கு அகலம். பிந்தி வந்தவர்களுக்கு மாடியில் பின்பக்க அறையும் மூன்று ஆணியும். ஐபி முகவரியும் அதே கதைதான். ஆரம்ப நாளில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கு ஒரு /8 முழுசாகக் கிடைத்தது. 1 கோடியே 67 லட்சத்துச் சொச்சம் முகவரிகள், ஒரே ஒரு கல்லூரிக்கு. கொடுத்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. காடு தீராது என்று நினைத்தார்கள். 2011 பிப்ரவரி 3-ஆம் தேதி பொதுக் கையிருப்பு தீர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 15-ஆம் தேதி கடைசிக் கையிருப்பில் கை வைத்த முதல் வட்டாரம் நம்முடைய ஆசிய பசிபிக் வட்டாரம். மக்கள் அதிகம், வந்தது பிந்தி. ஸ்டான்ஃபோர்டு தன்னுடைய /8-ஐ 2000-இல் காசு வாங்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டது. மாசசூசெட்ஸ்காரர்கள் தங்களுடையதில் பாதியளவை விற்கப் போவதாக 2017-இல் அறிவித்தார்கள். இரண்டும் கல்லூரிதான், இரண்டும் படித்தவர்கள்தான். எனக்கு ஸ்டான்ஃபோர்டைப் பிடிக்கும்.

இப்போது ஐபி ஆறாம் பதிப்பில் இந்தப் பஞ்சமே இல்லை. ஒரு சின்ன வலைக்கும் /64 என்று கொடுத்துவிடுகிறார்கள். ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரம் கோடி கோடி முகவரிகள் ஒரு வலைக்குள். எத்தனை பேர் வருவார்கள் என்று எண்ண வேண்டியதில்லை. எண்ணிக்கைக் கவலை போய்விட்டது, ஆனால் கோடு போகவில்லை. உண்டியல் கணக்கையும் பக்தர் கைப்பேசியையும் ஒரே /64-இல் வைக்க நான் மாட்டேன். பஞ்சத்தினால்தான் பிரிவினை வந்தது, செழித்தால் சுவர் தானாக விழும் என்பவர்களுக்கு இதைக் காட்டலாம்.

அடுத்த தைப்பூசத்துக்கு முந்தைய நாள் திரையை வைத்துக்கொண்டு சமையல்கட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். பக்தர் வலையில் ஒரு கட்டத்தில் 640 வரைக்கும் ஏறி, ரதம் தாண்டியதும் இறங்கியது. சீட்டு மெஷின்கள் ஒன்றும் நிற்கவில்லை. சமையல் அண்ணன் பந்திக்கு அறுபது இலை போட்டுவிட்டு, கடைசியில் இரண்டு இலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்பார். பந்தி தொடங்கியபிறகு வருகிறவர் இருப்பாராம். ஏன் மூன்று இல்லை, ஏன் ஒன்று இல்லை என்று கேட்டேன். “முப்பது வருஷம் போட்டுப் பாத்துட்டுச் சொல்லு” என்றார். அவருடைய கணக்கும் அனுபவத்தில் அடித்த ஆணிதான்.

நாங்கள் இருந்த கடைவீட்டைப் போன மாதம் போய்ப் பார்த்தேன். நான் கல்யாணமாகிப் போனபிறகும் அப்பாவும் அம்மாவும் அங்கேயேதான் இருந்தார்கள். 2000 ஜனவரி 1-ஆம் தேதி வாடகைக் கட்டுப்பாடு முடிந்ததும் காலி செய்து பாயா தெருபோங் அடுக்குமாடிக்குப் போனார்கள். 2008-இல் யுனெஸ்கோ இந்த நகரத்தைப் பாரம்பரியம் என்று அறிவித்த பிறகு அந்த வீடு கைமாறிக் கைமாறி, இப்போது ஒன்பது அறை ஹோட்டல். எங்கள் அறை காப்பிக்கடை. சுண்ணாம்பைச் சுரண்டிச் செங்கல் தெரிய விட்டிருக்கிறார்கள். ஆணிகளைத் தேடினேன், இல்லை. ஆறு மேஜை. வைஃபை கடவுச்சொல்லைப் பையன் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தான். பழக்கதோஷம், கைப்பேசியில் என்ன முகவரி வந்திருக்கிறது என்று பார்த்தேன். 10.0.0.23. மறைப்பு: 255.0.0.0.

/8. ஆறு மேஜைக்கு ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம். வீட்டுக்குள் புழங்கும் தனி எண்தான், இதனால் யாருக்கும் குறைவில்லை. யாரோ அவசரத்தில் முதலில் வந்ததை அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பையனைக் கூப்பிட்டுச் சொல்லலாமா என்று யோசித்தேன். அவனுக்கு என் பேரன் வயது. சொல்லவில்லை. சேலை தொங்கிய இடம் எது என்று தரையில் அடி வைத்து அளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் வந்து, “ஆன்ட்டி, ஏதாச்சும் தேடறீங்களா?” என்றான்.